கொழும்புக்குப் போன மரக்கறிப் பெட்டி

பஸ் ஹோர்ன் விடாமல் அலறியது.

மடுல்சீமையிலிருந்து பதுளைக்கு இறங்கும் முதல் பஸ், தோட்டத்து லயத்துக்குக் கீழே ரோட்டு முடக்கில் ஒரு தடவைதான் ஹோர்ன் அடிக்கும். ஏறுகிறவர்கள் ஓடிப்போய் ஏறிக்கொள்வார்கள். அன்று சனிக்கிழமை. டிரைவர் கையை எடுக்கவே இல்லை. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் குந்தி அடுப்புக்குத் தேயிலை மிலாறு ஒடித்துக்கொண்டிருந்த விஜயலெட்சுமி, குச்சிகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"விஜயாக்கா! ஒங்கட பெட்டி!"

கண்டக்டர் ஜௌபரின் குரல். அவள் படிக்கட்டில் இறங்கி ஓடினாள்.

ரோட்டோரத்தில் ஓர் அட்டைப் பெட்டி கிடந்தது. நீல நைலோன் கயிறு. முடிச்சுகள் அவள் போட்டவை. மேலே அவள் கையெழுத்திலேயே 'சிவஞானம், புறக்கோட்டை'. பெட்டியின் அடி நனைந்து கறுத்திருந்தது. அழுகிய லீக்ஸ் வாடை முகத்தில் அடித்தது.

"என்ன நானா, இது போன ஞாயித்துக்கெழம அனுப்புனதுல்ல?"

"அதேதான். பதுளையில கொழும்பு பஸ்காரன் நேத்து ராவு எங்கிட்டத் தந்தான். புறக்கோட்டையில ஒரு மணித்தியாலம் வெச்சுக் காத்திருந்தானாம். எடுக்க ஒருத்தரும் வரல்ல."

"அதுக்கு முந்தின பெட்டி?"

ஜௌபர் தலையைச் சொறிந்தான். "அதுக்கும் ஆள் வரல்லயாம். அங்கேயே வீசிட்டாங்க. ஒங்களுக்குச் சொல்லல்லயா?"

"ஜௌபர்! பெட்டி எறக்கிறியா, பொண்ணு பேசுறியா?" என்று டிரைவர் உள்ளேயிருந்து கத்தினான். பஸ்ஸுக்குள் சிரித்தார்கள்.

"ஏழரை பஸ்ல வாங்க அக்கா. பதுளை ஸ்டாண்டுல மஹ்ரூப் நானாவக் கேளுங்க. வழமையா பெட்டி கொண்டு போறது அவர்தான். ரெண்டு கிழமையா லீவு. இண்டைக்கு வந்திருப்பார்."

பஸ் போய்விட்டது. விஜயலெட்சுமி அந்தப் பெட்டியைப் பார்த்தபடி நின்றாள்.

சிவஞானம் கொழும்புக்குப் போய்ப் பதினான்கு மாதம். புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் வேலை. மாதம் தவறாமல் இருபதாயிரம் வந்துகொண்டிருந்தது. அறையில் ஆறு பேர், கூட்டுச் சமையல், மரக்கறி அனுப்பினால் தன் பங்குக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்று அவன் சொன்னதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பெட்டி போனது. முதலில் ஒரு பை. பிறகு சின்னப் பெட்டி. இப்போது இருபது கிலோ.

இரண்டு வாரமாக அவன் போன் வேலை செய்யவில்லை. அவள் பயப்படாமல் இருந்ததற்குக் காரணம், அவனுடைய அக்கா இராக்கம்மா. அதே லயத்து வரிசை வீடுகளில் நான்காவது காம்பரா அவளுடையது. போன் உடைந்துவிட்டதென்றும், யாருடைய போனிலிருந்தோ தன்னைக் கூப்பிட்டுப் பேசினானென்றும், எல்லோரையும் கொழும்புக்கு வரச் சொல்லிவிட்டானென்றும் அவள்தான் சொன்னாள்.

அந்த வார்த்தைக்காகத்தான் விஜயலெட்சுமி ஒரு வருடமாகக் காத்திருந்தாள்.

போவதென்றால் கொழும்பில் ஓர் அறை வேண்டும். அறைக்கு முற்பணம் வேண்டும். அவளிடம் இருந்தது பதினேழு வருடம் கொழுந்து பறித்த சர்வீஸ் காசு ஒன்றுதான். அதை வாங்க வேண்டுமென்றால் தோட்டத்துப் பதிவில் பேரை வெட்டி வேலையை விட வேண்டும். பேர் இருக்கிறவரைக்கும்தான் காம்பரா. பேரை வெட்டினால் காம்பராவைத் தோட்டம் எடுத்து, பேர் பதிந்த வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அப்படிப் போன காம்பரா திரும்பி வந்ததாக அந்த மலையில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

பேரை வெட்டக் கடுதாசி எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. இன்று பன்னிரண்டு மணிக்குள் ஆபீஸில் கொடுக்க வேண்டும்.

அவள் பெட்டியோடு மேலே ஏறி வரும்போது இராக்கம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இஸ்தோப்பில் நின்றாள்.

"என்ன புள்ள நாத்தம்?"

"பெட்டி திரும்பி வந்திருச்சு அண்ணி. ரெண்டு வாரமா எடுக்கவே வரலையாம்."

இராக்கம்மா பெட்டியைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "வேலையில நின்னிருப்பான். மொதலாளி விட்டிருக்க மாட்டான். இதுக்குப் போயி."

"நான் பதுளைக்குப் போயிட்டு வர்றேன். அந்த பஸ்காரரக் கேட்டா ஏதாச்சும் தெரியும்."

"பதுளையில என்னாத்தக் கேப்ப?" இராக்கம்மாவின் குரல் சட்டென்று உயர்ந்தது. "அவனுக்கு ஆயிரம் பெட்டி, ஆயிரம் மூஞ்சி. போறதா இருந்தா நேரா கொழும்புக்குத்தான் போவணும். திங்கக்கெழம நிமலன் கூட்டிட்டுப் போவான். பேசாம இரு."

"திங்கக்கெழம வரைக்கும் என்னால இருக்க முடியாது அண்ணி."

"அப்ப கடுதாசி?"

விஜயலெட்சுமி பெட்டியைச் சுவரோரம் தள்ளினாள்.

"இந்த மாசத்த விட்டா சர்வீஸ் காசு தள்ளிப் போயிரும். அவன் ரூமு பாத்து வச்சிருப்பான். அட்வான்ஸ் குடுக்கலன்னா வேற ஆளுக்குப் போயிரும். குடு, நான் ஆபீஸ்ல குடுத்துர்றேன்."

நான்காவது காம்பராவுக்குள் யாரோ இருமினார்கள். இராக்கம்மாவின் மகன் நிமலனுக்குத் தையில் கல்யாணம் ஆயிற்று. அந்த ஒரே காம்பராவில் ஏழு பேர். புதுப் பெண், குசினியில் மிலாற்றுக் கட்டுகளுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுக்கிறாள். புகை ஒத்துக்கொள்ளாமல் மூன்று மாதமாக இருமல். நிமலனுக்குத் தோட்டத்தில் பேர் இருக்கிறது. காம்பராதான் இல்லை.

விஜயலெட்சுமி உள்ளே போய்க் கடுதாசியை எடுத்து வந்தாள். கொடுப்பதற்கு முன் கொஞ்சம் தயங்கினாள்.

"பதினொன்றர வரைக்கும் வச்சிருங்க அண்ணி. நான் போன் பண்றேன். பண்ணலன்னா குடுத்துருங்க."

"சரி சரி. பிள்ளைகள நான் பாத்துக்கிறேன். நீ போ."

இராக்கம்மா கடுதாசியை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஏழரை பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. பசறை வரை நின்றுகொண்டே போனாள்.

வழியெல்லாம் கொழும்புதான் நினைவில் ஓடியது. மேலே வருகிற சாமான் ஒவ்வொன்றுக்கும் லொறிக் கூலி ஏறிவிடும். கொழும்பில் நூற்று எழுபதுக்கு விற்கும் தேங்காய் தோட்டத்துக் கடையில் இருநூற்று முப்பது. அரிசி கிலோவுக்கு இருபது ரூபாய் கூட. போன மாதம் சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போக திரீவீலுக்கு நாலாயிரம். கொழும்பில் தெருவுக்குத் தெரு ஆஸ்பத்திரி என்றார்கள். கடை, பள்ளிக்கூடம், பஸ் எல்லாம் வாசலில். மலைமேலேயே இவ்வளவு செலவென்றால், எல்லாச் சாமானும் வந்து இறங்குகிற இடத்தில் எப்படிக் குறையாமல் இருக்கும்?

இதை அவள் சிவஞானத்திடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "பாப்போம், பாப்போம்" என்பதற்கு மேல் அவன் ஒன்றும் சொன்னதில்லை.

பதுளை ஸ்டாண்டில் மஹ்ரூப் கொழும்பு பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஐம்பது வயது, பெரிய தொந்தி, காதில் ஒரு பேனை. அவள் பெட்டியைப் பற்றிச் சொன்னதும் கூப்பிடுவதை நிறுத்தினான்.

"மடுல்சீமைப் பெட்டியா? நீங்கதானா அது? அந்த முடிச்ச அவுக்கிறதுக்குள்ள மனிசனுக்கு நகம் போயிரும் தங்கச்சி."

"எடுக்க வர்றவரத் தெரியுமா நானா?"

"ஒரு வருஷமா என் கையால குடுக்கிறேன், தெரியாம? ஒல்லி ஆள். இடது புருவத்துல தழும்பு." அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "ஏன், அவர் இங்கதானே இருக்கார்?"

"எங்க?"

"பதுளையில. நான் லீவு போக முந்தி, என்ட பஸ்லதான் வந்தார். ஒரு பேக்கோட. இனி பெட்டி வராது நானா, வீட்டுக்குச் சொல்லிர்றேன் எண்டார். என்ட எடத்துக்கு வந்த பொடியனுக்கு அது தெரியாது, சும்மா கொண்டு போயிருக்கான்."

"இப்ப எங்க பாக்கலாம்?"

"மார்க்கட்டுப் பின்னுக்குப் போங்க. வெலிமடை லொறி எறக்கிற எடம். இண்டைக்குக் காலையிலயும் கண்டேன்."

மணி பத்தே முக்கால்.

மார்க்கட்டுக்குப் பின்னால் இரண்டு லொறிகள் நின்றன. கரட் மூட்டை, கோவா மூட்டை, உருளைக்கிழங்கு. நாலைந்து பேர் தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு மூட்டை இறக்கினார்கள். மூன்றாவது ஆளின் முதுகைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதுகு அவனுடையதுதான். சதையைத்தான் காணவில்லை.

அவன் மூட்டையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான். ஓடவுமில்லை, திடுக்கிடவுமில்லை.

"கோவம் ஆறிருச்சா?" என்றான்.

ஏன் பெட்டி எடுக்கவில்லை, ஏன் கொழும்பில் இல்லை, ஏன் இந்தக் கோலம் என்று கேட்க நினைத்ததெல்லாம் பின்னால் போயிற்று.

"சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்டாள்.

எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தார்கள். அவன் இரண்டு பிளேன்டியும் இரண்டு பணிசும் சொன்னான். பணிசை அவள் பக்கம் தள்ளினான். அவள் இரண்டையும் அவன் பக்கமே தள்ளினாள். அவன் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எத்தன நாளா இங்க?"

"ரெண்டு வாரம்."

"கொழும்பு வேல?"

"வேலையெல்லாம் இருந்துச்சு. நாந்தான் இருக்க முடியல." அவன் தேத்தண்ணியை ஊதினான். "முப்பதாயிரம் சம்பளம். படுக்கிற எடத்துக்குப் பதினஞ்சு. ரூமுக்கில்ல விஜயா, படுக்கிற எடத்துக்கு. சுவத்தோரத்துல ஒரு பாய் அகலம். சுவத்துல சாஞ்சு படுக்கணும்னா அதுக்கு ரெண்டாயிரம் கூட."

"சுவத்துக்கா?"

"சுவத்துக்கு. கேட்டா ஜன்னல் காத்து வருதும்பான். குளிக்க ஒரு காசு, துணி தொவைக்க ஒரு காசு. போன் சார்ஜ் போடறதுக்கும் மாசம் ஐந்நூறு. ஒரு சோத்துப் பார்சல் நானூத்தம்பது. ரெண்டு வேள தின்னா இருபத்தேழாயிரம். நீ கணக்குல கெட்டிக்காரியாச்சே, மிச்சம் சொல்லு."

அவள் விரல்விட்டு எண்ணினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அதான் கூட்டுச் சமையல் இருந்துச்சே?"

"அங்க அடுப்பே பத்த வைக்கக் கூடாது."

"அப்ப நான் அனுப்புன மரக்கறி?"

சிவஞானம் வெளியே லொறியைப் பார்த்தான். அடுத்த மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது.

"வித்தேன்."

"என்னங்க?"

"வேல முடிஞ்சு ஒரு பெரிய மாடி வீட்டு வாசல்ல சாக்க விரிச்சி உக்காருவேன். வெலிமடை லீக்ஸ், நேத்துப் புடுங்கினது, வாங்கன்னு கூப்புடுவேன். அங்கிருக்கிற பொம்பளைங்க அடிச்சுப் புடிச்சு வாங்குவாங்க. நீ நூத்திநாப்பதுக்கு வாங்குனத இருநூத்தம்பதுக்குக் குடுத்தேன். கடையில ஐந்நூறு, அதுவும் வாடினது." அவன் கொஞ்சம் சிரித்தான். "நல்லா கட்டி அனுப்புனடி. ஒரு போஞ்சி கூட முறிஞ்சிருக்காது."

"அப்ப மாசாமாசம் வந்த இருபதாயிரம்..."

"அதுதான்."

அவள் கையிலிருந்த கிளாசைக் கீழே வைத்தாள். அந்த இருபதாயிரத்தில் பன்னிரண்டாயிரத்தை எடுத்துத்தான் ஞாயிறுதோறும் சந்தையில் அடுத்த பெட்டிக்கு மரக்கறி வாங்கினாள். பெட்டி பெரிதாகப் பெரிதாக, இன்னும் தெம்பாகச் சாப்பிடுவான் என்று நினைத்தாள். பிள்ளைகளுக்கு வாங்காத கரட்டை அவனுக்கு வாங்கினாள். அவள் வாங்கினதை அவன் விற்றான். அவன் விற்றதில் அவள் வாங்கினாள். பதினான்கு மாதம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சம்பாதித்துப் போட்டிருக்கிறார்கள். நடுவில் அவன் முதுகில் சதை இல்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? கொழும்பு வருவோம், கொழும்பு வருவோம்னு நீ ஒரு பக்கம். புருஷன் இருபதாயிரம் அனுப்புறான்னு லயமே பேசுது. அந்த வாயால, தெருவுல சாக்கு விரிச்சு உக்காந்திருக்கேன்னு சொல்லச் சொல்றியா?"

"தின்னீங்களா, அதச் சொல்லுங்க."

"பாணும் சம்பலும். ஞாயித்துக்கெழம சோறு."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தேத்தண்ணிக் கடைக்காரன் பார்க்காத மாதிரி இருந்தான்.

"அந்த மாடி வீட்டுக் காவக்காரன் ஒருநா சாக்கோட தூக்கி எறிஞ்சான். தராசையும் புடுங்கிக்கிட்டான். அந்த மாசம் படுக்கைக்குக் காசு இல்ல. போன வித்து பஸ் ஏறினேன்." அவன் குரல் கொஞ்சம் தெளிந்தது. "ஆனா பாரு, இங்க ஒரு நாளைக்கு ஆயிரத்தி முந்நூறுதான். கொழும்போட பாத்தா கொஞ்சம்தான் கூட. கடைப் பின்னால சும்மா படுக்கிறேன். சோறு இருநூத்தம்பது. அப்படியும் பாதிக்கு மேல கையில நிக்குது. இன்னும் ஒரு மாசம். சின்னவனுக்குச் சப்பாத்து, உனக்கு ஒரு சீல, வாங்கிக்கிட்டு மேல வரலாம்னு இருந்தேன். வெறுங்கையோட எப்படி வர்றது?"

"வந்திருக்கலாம்."

"வருவேன்டி. நம்ம காம்பரா இருக்கிற வரைக்கும் எனக்குப் பயமில்ல. வாடகை உண்டா? தண்ணிக்குக் காசு உண்டா? மிலாறு பொறுக்கினா அடுப்பு எரியும். அந்தக் காம்பராவுக்குக் கொழும்புல என்ன வெலன்னு, ஒரு வருஷம் சுவத்துக்கு வாடகை குடுத்தவனுக்குத்தான் தெரியும். நீ தோட்டத்துல பேர் போடு, நான் இங்க மூட்ட தூக்குறேன். ரெண்டு பேரும்..."

அவள் எழுந்துவிட்டாள். பையைத் துழாவிப் போனை எடுத்தாள். அவசரத்தில் இரண்டு தடவை தவறான இலக்கத்தை அழுத்தினாள்.

மணி பதினொன்று பத்து.

மறுமுனையில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. இராக்கம்மா எப்போதும் போனைக் கழுத்துப் பையில் தொங்கவிட்டிருப்பவள். இரண்டாவது மணிக்கு எடுத்துவிடுவாள். இன்று எடுக்கவில்லை. விஜயலெட்சுமி மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அடித்தது. பிறகு அதுவும் இல்லை. அந்த இலக்கத்தை இப்போது தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் குரல் மூன்று பாஷையிலும் சொன்னது.

"யாருக்கு இப்படி அடிக்கிற?" என்றான் சிவஞானம்.

"அண்ணிக்கு. நீங்க பதுளையிலதான் இருக்கீங்கன்னு ஒடனே சொல்லணும். அவங்களுக்குத் தெரியாது."

அவன் புரியாமல் அவளைப் பார்த்தான்.

"அக்காவுக்கா? வந்து எறங்குன அன்னைக்கே கடைப் போன்ல கூப்பிட்டு எல்லாத்தையும் சொன்னேனே விஜயா. நீ கோவமா இருக்க, கொஞ்ச நாள் கூப்பிடாதன்னு அவதானே சொன்னா. என்ன கோவம் வந்தாலும் காம்பராவ மட்டும் விட்டுறாதன்னு, உங்கிட்ட சொல்லச் சொன்னதே அவகிட்டதானே?"